கிளிக்கும் பச்சையம் இருக்கோ?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "அதுக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருக்கினம் ரீச்சர். நீங்கள் விஞ்ஞானத்தில ஏதாவது பேசுங்கோ" என்றார். அப்படியென்றால் பழைய கடன் ஒன்றைத் தீர்க்க இதுதான் நேரம் என்று நினைத்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாக நான் கொடுக்காமல் வைத்திருக்கும் ஒரு விடைதான் அந்தக் கடன்.

அது 1980களின் நடுப்பகுதி. ஒன்பதாம் வகுப்புக்கு ஒளித்தொகுப்புப் பாடம். உங்களில் பலருக்கு அந்தப் பரிசோதனை நினைவிருக்கும். வேலியோரச் செவ்வரத்தையில் இலை பறித்து, கொதிநீரில் இட்டு, பிறகு அற்ககோலில் இட்டு நீர்த்தொட்டியில் சூடாக்குவோம். இலை வெளிறிப் போகும், அற்ககோல் பச்சையாகும். அதன்பின் அயடீன் துளி விட்டால் மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும். அன்றும் அப்படியே செய்து முடித்து, "இலை ஏன் பச்சை?" என்று கேட்டேன். "பச்சையம் இருப்பதால்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. எனக்குத் திருப்தி.

அப்போது யன்னலோரம், கடைசி வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "ரீச்சர், அப்ப கிளிக்கும் பச்சையம் இருக்கோ?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்: "சோதினைக்கு அது வராது. இரும்."

அந்தப் பிள்ளை இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தவணையில் அவள் கை உயர்ந்ததை நான் காணவில்லை. அடுத்த தவணைக்கு அவள் வரவும் இல்லை. அந்த வருடங்களில் எத்தனை கதிரைகள் அப்படி வெறுமையாகின என்று உங்களுக்குத் தெரியும். இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், ஜேர்மனிக்கு என்று இன்னொருவர் சொன்னார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

உண்மை என்னவென்றால், அன்று எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, சோதனையைக் காரணம் காட்டினேன். பிற்பாடு மெல்ல மெல்லத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பிள்ளை கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று விளங்கியது. இன்று அதற்கு விடை சொல்கிறேன்.

முதலில் வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் பஞ்சில் சுற்றி வைத்திருந்த அந்த ஒற்றை அரியத்தை மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளை ஒளி அதற்குள்ளால் போய் ஊதாவிலிருந்து சிவப்பு வரை பிரிந்து சுவரில் விழும். எங்கள் கண்ணுக்குப் படுகின்ற ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரை. அதன் நடுப்பகுதி, ஏறத்தாழ 500 முதல் 570 வரை, பச்சை. ஒரு பொருளிலிருந்து எங்கள் கண்ணுக்கு வரும் ஒளியில் அந்த நடுப்பகுதி மற்றவற்றை விட மேலோங்கி நின்றால் அதைப் பச்சை என்கிறோம். அது எப்படி மேலோங்கியது என்பதைக் கண் கேட்பதில்லை. அதைத்தான் அந்தப் பிள்ளை கேட்டாள்.

இலையின் வழி இது. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும். 430 முதல் 450 நனோமீற்றர் அளவில் ஒரு பங்கு, 640 முதல் 660 அளவில் இன்னொரு பங்கு. நடுவிலுள்ள பச்சையை அவ்வளவாக உறிஞ்சாது. மிஞ்சியது எங்கள் கண்ணுக்கு வருகிறது. இங்கே நான் படிப்பித்த ஒரு பிழையையும் திருத்த வேண்டும். "இலை பச்சை ஒளியை முழுவதும் தெறிக்கச் செய்கிறது" என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. இலையில் விழும் பச்சை ஒளியிலும் பெரும் பங்கை இலை உறிஞ்சிக்கொள்கிறது. அது இலைக்குள் ஆழமாகப் போய், மேற்படைக்குக் கீழுள்ள கலங்களில் ஒளித்தொகுப்புக்கு உதவுகிறது. ஒரு சிறு பங்குதான் வெளியே வருகிறது. நீலமும் சிவப்பும் அதைவிடக் குறைவாக வருவதால் அந்தச் சிறு பங்கே எங்களுக்குப் பச்சையாகத் தெரிகிறது. முழு வயலின் பசுமையும் நெற்பயிர் மிச்சம் விட்ட ஒளிதான்.

அதே பச்சை அற்ககோல் கரைசலை நல்ல வெயிலில் பிடித்து, வெளிச்சம் படும் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இரத்தச் சிவப்பாக ஒளிரும். இலைக்குள் இருக்கும்போது பச்சையம் தான் பெற்ற சக்தியில் பெரும்பங்கை வேலைக்குக் கொடுத்துவிடும். கரைசலில் கொடுக்க இடமில்லாதபடியால் அதில் ஒரு பகுதியைச் சிவப்பு ஒளியாக விட்டுவிடுகிறது. அத்தனை வருடமும் அந்தக் கரைசலை நாங்கள் தொட்டிக்குள் ஊற்றிக் கழுவி விட்டோமே தவிர, ஒரு நாளாவது வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை.

பச்சையத்துக்கு அந்தப் பெயரை இட்டவர்கள் பெலெத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு மருந்தியலாளர்கள். 1817இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஜேர்மனியரான வில்ஸ்ரேற்றர் 1915இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அந்த மூலக்கூறின் நடுவே ஒரு மகனீசியம் அணு இருக்கிறது, அதைச் சுற்றி நான்கு நைதரசன்கள்.

அந்த ஒரு மகனீசியத்தை எங்கள் அம்மாமார் நன்கு அறிவார்கள், பெயர்தான் தெரியாது. "கீரையை இறக்கிப்போட்டுத் தேசிப்புளி விடு" என்று எத்தனை தரம் ஏச்சு வாங்கியிருப்போம். அடுப்பில் கொதிக்கும்போதே புளி விட்டால் கீரை மண்ணிறமாகிவிடும். புளியிலுள்ள அமிலம் பச்சையத்தின் நடுவிலிருந்து மகனீசியத்தை வெளியேற்றிவிட்டு ஐதரசனை அந்த இடத்தில் வைத்துவிடும். பிறகு அது பச்சை அல்ல. கீரைச்சட்டியை மூடாமல் அவி என்று சொன்னதற்கும் அதுதான் காரணம். கீரையிலிருந்தே வெளிவரும் அமில ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள் விழக்கூடாது. குசினிக்குள் இருந்த அந்த அறிவை நான் ஒருபோதும் வகுப்புக்குள் கொண்டுவரவில்லை.

பச்சையம் போனால் என்ன மிஞ்சும்? கனடாவிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் அதைப் பார்க்கிறீர்கள. குளிர் தொடங்க மரம் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள பயனுள்ள சத்துகளைத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் மரத்தின் சிவப்பு அப்போது புதிதாக உண்டாவது. தோடம்பழத்திலும் இதே கதைதான். லண்டன் கடையில் செம்மஞ்சளாகப் பளபளக்கும் பழத்தைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து பிபிலைத் தோடம்பழத்தைப் பார்த்து "இன்னும் காய்தானே" என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். காயல்ல, பழம்தான். தோடையின் தோலில் பச்சையம் அழிவதற்குக் குளிரான இரவுகள் தேவை. எங்கள் வெக்கையில் பழம் உள்ளே இனித்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும்.

இனிக் கிளிக்கு வருவோம்.

கிளிக்குப் பச்சையம் இல்லை. அதைவிட வியப்பு என்னவென்றால், கிளியின் இறகில் பச்சை நிறப்பொருள் எதுவுமே இல்லை. இறகில் இருப்பது ஒரு மஞ்சள் நிறப்பொருள். அது கிளிக் குடும்பத்துக்கே உரியது, கிளி உண்ணும் பழத்திலிருந்து வருவதல்ல, உடம்பு தானே செய்துகொள்வது. அந்த மஞ்சளுக்குக் கீழே, எங்கள் நகமும் தலைமயிரும் எதனால் ஆனவையோ அதே கெரற்றின், கடற்பஞ்சு போல நுண்ணிய துளைகளோடு இருக்கிறது. அந்தத் துளைகளின் அளவு நீல ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால் நீலம் மட்டும் பலமாகச் சிதறித் திரும்புகிறது. அதற்கும் கீழே கறுப்பு மெலனின், மற்ற ஒளியை விழுங்கிக்கொள்கிறது. நீலம் மஞ்சளுக்குள்ளால் வெளியே வரும்போது பச்சையாகிறது.

சாட்சி வேண்டுமென்றால் வீட்டுக் கூட்டில் வளர்க்கும் லவ்பேர்ட்ஸ் குருவிகளைப் பாருங்கள். பச்சைக் குருவிகளுக்கிடையில் சில நீலமாக இருக்கும். அவை மஞ்சளைச் செய்யும் ஆற்றலைப் பிறப்பிலேயே இழந்தவை. மஞ்சள் போனது, நீலம் மட்டும் மிஞ்சியது. லண்டன் பூங்காக்களில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக் கிளிகளைப் பற்றி எனக்குப் பிள்ளைகள் எழுதுவார்கள். அவை எங்கள் பனைமரப் பொந்துகளில் இருக்கும் அதே இனம்தான். அங்கே குளிரில் மரங்கள் எல்லாம் பச்சையை இழந்து நிற்கும்போதும் கிளி பச்சையாகவே இருப்பது ஏன் என்று இப்போது விளங்கும். அதன் பச்சை இலையின் பச்சை அல்ல.

பறவைகளில் உண்மையான பச்சை நிறப்பொருளே இல்லையா என்றால், இருக்கிறது. ஆபிரிக்காவில் வாழும் துராக்கோ என்ற பறவையின் இறகில் உள்ளது. அதில் இருப்பது மகனீசியமல்ல, செப்பு.

மயிலுக்கு இன்னொரு வழி. மயிலிறகை அரைத்துப் பார்த்தால் கபில நிறத் தூள்தான் மிஞ்சும். மெலனின் கம்பிகள் இறகுக்குள் கிராதி போல வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசைகளுக்கு இடையிலுள்ள தூரம் சற்றுக் கூடிக் குறைய நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறுகிறது. ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்கள் வலுப்பெற்றுச் சில அழிந்துபோகின்றன. பௌதிகவியலில் தலையீடு என்று படித்தோமே, அதுதான். இங்கிலாந்தின் றொபேட் ஹூக் 1665இல் வெளியிட்ட தன் நுணுக்குக்காட்டி நூலிலே, மயிலிறகை நனைத்தால் நிறம் மறைந்துபோவதைக் குறித்து வைத்திருக்கிறார். நிறம் சாயத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பதற்கு அது முதல் தடயம்.

சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்திருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, அதிபரும் தூக்குகிறார்! இலை உதிர்ந்தால் பச்சை போய்விடும், ஆனால் பொன்வண்டு செத்தாலும் அதன் பச்சை போகாது. அதன் கடின இறக்கையில் மெல்லிய படைகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அந்தப் படைகள் குலையாத வரை நிறமும் குலையாது. அதனால்தான் பழைய காலத்தில் அந்த இறக்கைகளைப் பட்டுத் துணியில் வைத்துத் தைத்தார்கள்.

கல்லுக்கும் பச்சை உண்டு. மரகதத்தின் பச்சைக்குக் காரணம் சிறிதளவு குரோமியம். மாணிக்கத்தின் சிவப்புக்கும் அதே குரோமியம்தான் காரணம். அணு ஒன்று, ஆனால் அதைச் சூழ்ந்திருக்கும் ஒட்சிசன் அணுக்களின் நெருக்கம் வேறு. அதனால் உறிஞ்சும் நிறமும் வேறு. எங்கள் நாட்டிலும் அகழ்ந்தெடுக்கப்படும் அலெக்சாண்டிரைற்று என்ற கல்லில் இந்தக் குரோமியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்தக் கல் பச்சை. மெழுகுதிரி வெளிச்சத்தில் சிவப்பு. கல் மாறவில்லை, அதன்மேல் விழுந்த ஒளிதான் மாறியது. பகல் ஒளியில் நீலமும் பச்சையும் தாராளம், மெழுகுதிரியில் சிவப்பு தாராளம்.

கடலின் பச்சையையும் சொல்லாமல் போகக்கூடாது. தண்ணீர் சிவப்பைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். அதனால் ஆழமான தெளிந்த கடல் நீலம். கரையோரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள் நிறைந்திருந்தால் அவற்றின் பச்சையம் நீலத்தையும் எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவது பச்சை. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் ஆழமில்லாத தண்ணீருக்குக் கீழே வெண்மணல். அது ஒளியைத் திருப்பி அனுப்புவதால் இளம்பச்சையும் நீலமும் கலந்து தெரிகிறது. ஒரே கடல்தான், இடத்துக்கு இடம் வேறு கணக்கு.

கடைசியாக ஓர் உதாரணம். பிள்ளைகளே, என் கையைப் பாருங்கள். வயது போகத் தோல் மெலிந்து நரம்புகள் பச்சையாகத் தெரிகின்றன. பச்சை நரம்பு என்றுதான் நாங்கள் சொல்வோம். உள்ளே ஓடுவது என்னவோ சிவப்பு இரத்தம்தான், ஒருநாளும் பச்சை அல்ல. ஒளியில் சிவப்புப் பகுதி தோலுக்குள் ஆழமாகப் போகும். நாளம் உள்ள இடத்தில் அதில் ஒரு பங்கை இரத்தம் உறிஞ்சிவிடுவதால், பக்கத்துத் தோலை விடக் கொஞ்சம் குறைவான சிவப்பு அங்கிருந்து திரும்பி வரும். கண் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது பச்சை என்று தீர்மானித்துவிடுகிறது. ஆனால் அடிபட்டுக் கண்டிய இடம் சில நாளில் பச்சையாகிறதே, அது உண்மையான பச்சை. இரத்தத்தில் நடுவே இரும்பை வைத்திருந்த வளையம் உடைந்து பச்சை நிறப்பொருளாக மாறுகிறது. பச்சையத்தில் மகனீசியத்தைச் சுற்றியிருக்கும் வளையமும் இரத்தத்தில் இரும்பைச் சுற்றியிருக்கும் வளையமும் நெருங்கிய உறவு. செவ்வரத்தை இலையும் நாங்களும் அவ்வளவு தூரத்து ஆட்கள் அல்ல.

இதுதான் விடை. இலைக்குப் பச்சையம், கிளிக்கு நீலமும் மஞ்சளும், மயிலுக்கு அடுக்கு, மரகதத்துக்குக் குரோமியம், என் கை நரம்புக்கு உங்கள் கண்கள். "பச்சையம் இருப்பதால்" என்று வகுப்பு முழுவதும் சொன்னது சரியான விடைதான். ஆனால் அது ஒரு செவ்வரத்தை இலைக்கு மட்டுமே சரி. அதை எல்லாவற்றுக்கும் வைத்துப் பார்த்து, பொருந்துமா என்று கேட்டவள் அந்த ஒருத்திதான். விஞ்ஞானம் என்பது அவள் செய்தது. சோதனைக்குச் சரியான விடையை ஒப்புவித்தவர்களுக்கு நான் புள்ளி கொடுத்தேன். விஞ்ஞானம் செய்தவளை இருக்கச் சொன்னேன்.

நான் படிப்பித்த காலத்தில் பல பிள்ளைகள் மருத்துவர்களாக, பொறியியலாளர்களாக வந்தீர்கள். இன்று மேடைக்கு வந்து என்னை வணங்கினீர்கள். அது எனக்குப் பெருமை. ஆனாலும் வீட்டில் தனியே இருக்கும்போது எனக்கு நினைவு வருவது அந்த யன்னலோரக் கை. அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள், "சோதினைக்கு வராது" என்று தாங்களே முடிவுசெய்து, கையைத் தூக்காமல் இருந்திருப்பார்கள்? அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

நூற்றாண்டை ஒட்டிச் சங்கம் கல்லூரிக்குப் பல பெரிய காரியங்கள் செய்கிறது. நான் ஒரு சிறிய பொருளைக் கொண்டுவந்திருக்கிறேன். இது ஒரு தடித்த மட்டை போட்ட கொப்பி. இதை ஆய்வுகூடத்தில், அந்த அரியம் இருக்கும் அலுமாரிக்குப் பக்கத்தில் வைக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். மட்டையில் "சோதினைக்கு வராத கேள்விகள்" என்று எழுதியிருக்கிறேன். எந்த வகுப்புப் பிள்ளையும் இதில் கேள்வி எழுதலாம். ஆசிரியைகளுக்கு விடை தெரிந்தால் எழுதட்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதட்டும். அந்தக் கேள்விகளைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள். மெல்பேணிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கும் உங்களில் ஒருவருக்கு அந்த விடை தெரிந்திருக்கும். பணம் அனுப்புவது போல விடையும் அனுப்புங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கேள்வி கேட்டால், கைத்தொலைபேசியில் பார் என்று சொல்லிவிடாமல் ஒரு நிமிடம் கூட இருந்து யோசியுங்கள்.

முதல் கேள்வியை நானே எழுதிவிட்டேன். கேட்டவரின் பெயரை எழுதவில்லை. இந்த மலர் உலகமெல்லாம் போகும் என்கிறார்கள். எங்கேயாவது ஒரு வீட்டில் அவள் இதை வாசித்தால், அது தன் கேள்வி என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளை, கிளிக்குப் பச்சையம் இல்லை. நீர் கேட்டது நல்ல கேள்வி. அன்று எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துக்கொள்ளும்.